பன்னிரண்டு பஸ் பெறுமான இடதுகால்

எங்கள் ஊர் கால்பந்து கிளப்பை ஒற்றை ஆளாக, ஒற்றைச் சொல்லால், முதல் டிவிஷனிலிருந்து உருட்டிக் கீழே தள்ளியவர் எங்கள் தெருக்காரர். வேறெந்தத் தெருவும் இந்தப் பெருமைக்குப் பக்கத்தில்கூட வர முடியாது. ஒற்றை ஆள் என்பது கொஞ்சம் கூடுதல்தான், ஒத்துக்கொள்ள வேண்டியதுதான். கிளப்பின் நிர்வாகிகளும், இரண்டு கையிலும் வெண்ணெய் தடவிக்கொண்டு நின்ற கோல்கீப்பரும் தங்களால் ஆனதைச் செய்தார்கள். ஆனால் தொடங்கி வைத்தது அவர். அவருக்குச் சிலை வைப்பதாக இருந்தால் கையில் இஸ்திரிப் பெட்டியோடு, தலையைக் குனிந்தபடி வைக்க வேண்டும்.

ஸ்டேடியத்துக்குப் பின்னால் இருக்கும் பெரிய லாண்டரியில் அவர் இஸ்திரிக்காரர். மீசை முளைத்த நாளிலிருந்து ஆவியில் வெந்துகொண்டிருந்தவர். வேலை நேரத்தில் அவருடைய மூக்குக் கண்ணாடி தெளிவாக இருந்து யாரும் பார்த்ததில்லை. அவர் தேய்த்த சட்டையின் கை மடிப்பில் தக்காளி நறுக்கலாம் என்பார்கள், நறுக்கியும் பார்த்திருப்பார்கள். ஹோட்டல்களின் படுக்கை விரிப்பு, மெத்தை உறை, ஆஸ்பத்திரிக் கோட்டு, இவற்றோடு கிளப்பின் ஜெர்சிகளும் அங்கேதான் வந்தன. ஆட்டம் முடிந்த மறுநாள் ஒரு நீலப் பை வரும். அதைத் திறந்தால் சேறும் வியர்வையும் வலி மருந்தும் கலந்து ஒரு வாடை எழும். மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். அவர் மட்டும் அடுப்பில் இருக்கும் குழம்பை மோந்து பார்க்கிற மாதிரி ஒரு கணம் குனிந்து நிற்பார்.

ஜெர்சியை நேராகத் தேய்க்கக் கூடாது. முதுகில் ஒட்டியிருக்கும் எண் சூட்டில் உருகிப் பெட்டியோடு வந்துவிடும். உள்பக்கத்தை வெளியே திருப்பி, மேலே ஒரு மெல்லிய துணியைப் போட்டு, மூச்சு விடுகிற மாதிரி லேசாகத் தொட்டு எடுக்க வேண்டும். எல்லாவற்றையும் முடித்துவிட்டுக் கடைசியில் பதினொன்றாம் எண் ஜெர்சியை எடுப்பார். அதற்குத் துணி இரண்டு மடிப்பு.

பதினொன்று, இடதுகாலனுடையது. அவனை ஊரே அப்படித்தான் கூப்பிட்டது. லாண்டரிக்குப் பின்சந்தில், இரும்புக்கடை மாடியில் தையல் வேலை செய்யும் அம்மாவோடு வளர்ந்தவன். சின்ன வயதில் பள்ளிக்கூடம் விட்டதும் பையைத் தூக்கி எறிந்துவிட்டு லாண்டரியின் பின்சுவரில் பந்தை அடித்துக்கொண்டிருப்பான். தொம், தொம் என்று சுவர் அதிரும். ஒருநாள் பந்து ஜன்னல் வழியாக உள்ளே வந்து, அப்போதுதான் தேய்த்து அடுக்கிய ஹோட்டல் விரிப்புகளின் மேல் உட்கார்ந்தது. இஸ்திரிக்காரர் ஜன்னலில் தலையை விட்டுக் கத்தினார்.

"டேய், எந்நேரமும் இடது காலாலயே அடிக்கிறியே, வலது கால்னு ஒண்ணு இருக்கே, அதை எதுக்கு வச்சிருக்கே?"

"ஊணிக்கறதுக்கு" என்றான் அவன்.

பந்தைத் திருப்பிப் போட்டார். அவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நடந்த பேச்சு மொத்தமே ஏறக்குறைய அவ்வளவுதான். ஆனால் அவன் கிளப்பில் சேர்ந்து கோல் போடத் தொடங்கியபின், அவனுக்கு ஆட்டம் சொல்லிக்கொடுத்ததே தான் என்கிற தோரணையில் அவர் பேச ஆரம்பித்தார். சலூனில் யாரும் மறுக்கவில்லை. வீட்டில் மனைவி மட்டும், "ஆமா, சுவரு நல்லா சொல்லிக்குடுத்துச்சு" என்பாள். அவர்களுக்குப் பிள்ளை கிடையாது. அதைப் பற்றி வீட்டில் பேச்சும் கிடையாது. அந்தக் காலத்தில் ஏதாவது ஒரு சாயங்காலம் தொம் தொம் கேட்காமல் போனால் அவர் பெட்டியை நிறுத்திவைத்துவிட்டு ஜன்னல் வரை போய் எட்டிப் பார்த்துவிட்டு வருவார் என்பது கூட வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். அவர்களும் அதைப் பற்றிப் பேசியதில்லை.

இப்போது சலூனுக்கு வருவோம். அங்கே மூன்று நாற்காலி. ஒன்றில் முடி வெட்டுவார்கள். மற்ற இரண்டில் கிளப்பை வெட்டுவார்கள். ஆட்டக்காரர்களை விற்கவும் வாங்கவும் வருஷத்தில் கொஞ்ச நாள் கதவு திறந்திருக்கும். டிரான்ஸ்ஃபர் சீசன் என்று பெயர். அந்த நாட்களில் சலூன்காரர் ஷேவிங் நுரையை விரலில் தொட்டுக் கண்ணாடியில் ஒவ்வொரு ஆட்டக்காரனுக்கும் விலை எழுதுவார். கிளப்புகள் கைமாற்றும் தொகையில் எத்தனை சைபர் என்று அங்கே யாராலும் மனசில் நிறுத்த முடியவில்லை. ஒருநாள் டவுன் பஸ் டிரைவர் கடுப்பாகி, "எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்கப்பா, எத்தனை பஸ் வாங்கலாம்?" என்று கேட்டார். அன்றிலிருந்து பஸ்தான் கணக்கு. கோல்கீப்பர் அரை பஸ், அதுவும் பின்பாதி. தடுப்பாட்டக்காரன் ஒன்றரை. கோச்சுக்கு இரண்டு டயர் எழுதியிருந்தது. யாரோ அதிலும் ஒன்றை அழித்திருந்தார்கள்.

இடதுகாலனுக்கு எதிரே பன்னிரண்டு பஸ் என்று இருந்தது. வெளியூர்ப் பெரிய கிளப் ஒன்று அவனைக் கேட்டிருக்கிறது என்று பேப்பரில் வந்த வாரம் அது.

"வித்துடணும்" என்றார் தேய்மானம். அவர் ஒரு கம்பெனியில் கணக்கெழுதுபவர். எதைப் பார்த்தாலும் இதன் மதிப்பு வருஷத்துக்கு எவ்வளவு குறையும் என்றுதான் யோசிப்பார். கல்யாண வீட்டில் மாப்பிள்ளையைப் பார்த்தும் அதையே சொன்னதாகக் கேள்வி. அதனால் வந்த பட்டப்பெயர். "அவன் ஒப்பந்தம் இன்னும் ஒரு வருஷம்தான். இப்ப வித்தா பன்னிரண்டு. அடுத்த வருஷம் கையை வீசிக்கிட்டுப் போவான், நமக்கு ஒரு ஹாரன்கூட மிஞ்சாது."

"வித்துட்டு? கோல் யார் போடுவா, உங்க கால்குலேட்டரா?" என்றார் டிரைவர்.

"பன்னிரண்டு பஸ்ஸுக்கு நாலு ஆள் வாங்கலாம்யா."

"போன தடவை வாங்கின நாலு பேர் என்ன ஆனாங்க? ஒருத்தனுக்கு முட்டி. ஒருத்தனுக்கு முதுகு. ஒருத்தனுக்கு வீட்டு ஞாபகம். நாலாவது ஆளை நான் பார்க்கவே இல்லை. வந்தானான்னே சந்தேகம்."

"வந்தான்" என்றார் சலூன்காரர், கத்தரியை நிறுத்தாமல். "இங்கதான் முடி வெட்டினான். நல்ல அடர்த்தி. ஆட்டம் எப்படின்னு தெரியாது. சார், தலையை ஆட்டாதீங்க."

"இவனையும் வித்துட்டா நேரா கீழ் டிவிஷன்தான்" என்றார் டிரைவர். "அப்புறம் சனிக்கிழமை வீட்டுல உட்கார்ந்து பெண்டாட்டி மூஞ்சியைப் பார்க்க வேண்டியதுதான்."

"பாவம், அவங்க" என்றார் தேய்மானம்.

இஸ்திரிக்காரர் எழுந்து கண்ணாடிப் பக்கம் போனார். உள்ளங்கையால் அந்தப் பன்னிரண்டைத் துடைத்தார். "அவனுக்கு விலை போடாதீங்க" என்றார். "அவன் விக்கறதுக்கு இல்லை."

"அண்ணே, விலை இல்லாத பொருள்னு உலகத்துல எதுவுமே கிடையாது" என்றார் தேய்மானம்.

"இருக்கு. உங்க ஆலோசனை" என்றார் டிரைவர்.

சிரிப்பு அடங்கியபின் எல்லாரும் இஸ்திரிக்காரரையே பார்த்தார்கள். காரணம் உண்டு. அந்தக் கிளப்பில் ஒரு வழக்கம்: விலைபோன ஆட்டக்காரன் கடைசியாகப் போட்ட ஜெர்சியை ஞாபகத்துக்குத் தானே வைத்துக்கொள்வான். அது துவைக்க வராது. முன்பு ஒரு தடுப்பாட்டக்காரனின் ஜெர்சி பையில் வரவில்லை. பேப்பர்காரனுக்குத் தெரியுமுன் சலூனுக்குத் தெரிந்தது. அப்புறம் ஒரு நடுக்களக்காரன் விஷயத்திலும் அப்படியே பலித்தது. கிளப்பின் தலைவரைவிட அவருக்குத்தான் முதலில் தெரியும் என்று டிரைவர் பஸ்ஸில் சொல்லிக்கொண்டு திரிந்தார். ஆயுள் முழுக்க மற்றவர் சட்டையைத் தேய்த்த மனிதருக்கு, நாலு பேர் வாயைப் பார்த்துக் காத்திருப்பது என்பது சின்ன விஷயமா.

"பதினொண்ணு வருதில்ல?" என்று கேட்டார் சலூன்காரர்.

"வருது. வர்றவரைக்கும் கவலை இல்லை."

அடுத்த ஆட்டத்தின் மறுநாள் லாண்டரியில் துணி துவைக்கும் இரண்டு பெரிய டிரம்களில் ஒன்று மக்கர் செய்தது. வழக்கமாக ஹோட்டல் துணியோடு ஜெர்சியைச் சேர்க்கவே கூடாது, சேறு ஏறிவிடும். ஆனால் சாயங்காலம் சலூனில் பெரிய விவாதம் இருந்தது. மெக்கானிக் வரும்வரை காத்திருந்தால் நேரமாகிவிடும். இஸ்திரிக்காரர் ஜெர்சிகளை எண்ணிப் பார்க்காமலே முதலில் ஒரு அலசு அலசி, மெத்தை உறைகளோடு சேர்த்து ஒரே டிரம்மில் திணித்தார். எல்லாம் வெளியே வந்ததும் ஜெர்சிகளைப் பிரித்து எடுத்தார். கடைசியில் பதினொன்றைத் தேடினார்.

இல்லை.

பையைக் கவிழ்த்து உதறினார். டிரம்முக்குள் தலையை விட்டுப் பார்த்தார். ரப்பர் வளையத்தின் இடுக்கில் விரலை விட்டுத் துழாவினார். ஒரு ஒற்றைக் காலுறை கிடைத்தது. கிளப்புக்கு ஃபோன் செய்து கேட்டிருக்கலாம். ஆனால் கேட்டால் தொலைத்தது லாண்டரிதான் என்று தலையில் கட்டுவார்கள். அதனால் அங்கே யாரும் எதையும் கேட்பதில்லை. தவிர, அவருக்குக் கேட்கத் தோன்றவும் இல்லை. ஜெர்சி வராவிட்டால் என்ன அர்த்தம் என்பதுதான் அவருக்குத் தெரியுமே. அவர் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். பின்னால் ஆவி சீறிக்கொண்டிருந்தது.

சலூனுக்குப் போனபோது முகத்தைப் பார்த்தே பேச்சு நின்றது.

"வரலை" என்றார்.

"எது?"

"பதினொண்ணு. போறான்."

சொல்லும்போது வருத்தம் இருந்தது உண்மை. எல்லாத் தலைகளும், முகத்தில் பாதி நுரையோடு இருந்தவர் தலை உட்பட, தன் பக்கம் திரும்பியபோது அந்த வருத்தத்துக்கு நடுவில் ஒரு சுகம் இருந்ததும் உண்மை.

"ஒரு வார்த்தை சொல்லலை பாருங்க" என்றார் டிரைவர். "போன வாரம் பேப்பர்ல என்ன சொன்னான்? 'எங்க ஊர்லதான் ஆடுவேன்'னான். நம்ம காதுல பூ சுத்தியிருக்கான்."

"ஊர்ப் பாசம்னு நம்பினோம்" என்றார் சலூன்காரர். "இனிமே ஓசியில முடி வெட்டமாட்டேன்."

மறுநாள் டிரைவர் வண்டி எடுத்தார். முதல் ஸ்டாப்பில் 'போறானாம்' என்று ஏறிய சேதி, நடுவழியில் 'கையெழுத்துப் போட்டுட்டானாம்' என்று பருத்து, கடைசி ஸ்டாப்பில் 'இந்த ஊர்ல மனுஷன் ஆடுவானான்னு கேட்டானாம்' என்று இறங்கி நடந்தது. திரும்பி வந்த டிரிப்பில் அதே சேதியை வேறொருவர் டிரைவரிடமே சொன்னார். ஊர்ஜிதமாகிவிட்டது என்று அவரும் நம்பினார்.

அந்தச் சனிக்கிழமை இஸ்திரிக்காரர் வழக்கம்போல மச்சானோடு ஸ்டேடியத்துக்குப் போனார். மனைவியின் தம்பி, பைக் மெக்கானிக். நல்ல தொழில்காரன், ஆனால் பொய் சொல்ல வராது. பழைய வண்டியை விற்க வருகிறவர்கள் முன்னாலேயே வாங்க வந்தவரிடம், "இது மூணு மாசம் தாங்காது சார்" என்று சொல்லிவிடுவான். அதனால் வியாபாரம் மந்தம்.

அவர்கள் எப்போதும் நிற்பது கார்னர் கொடிக்குப் பக்கத்துச் சின்னக் கேலரியில். அன்றைக்கு இடதுகாலன் வேறொரு பதினொன்றாம் எண் ஜெர்சியோடு களத்தில் கால் வைத்ததுமே ஊளை எழும்பியது. முதலில் ஒரு மூலையிலிருந்து. பிறகு நாலு பக்கமும். பந்து அவன் காலுக்கு வரும்போதெல்லாம் 'ஊ' என்று ஸ்டேடியமே ஒரு பெரிய நாய் மாதிரி ஊளையிட்டது. "எத்தனை பஸ்ஸுடா?" என்று ஒருவன் கத்தினான். சலூன் கணக்கு ஊர்க் கணக்காகியிருந்தது. ஒரு பக்கத்தில் துணியில் பஸ் படம் வரைந்து தூக்கிப் பிடித்திருந்தார்கள். அவனுக்கு என்னவென்றே புரியவில்லை. முதலில் எதிர் அணியைத் திட்டுகிறார்கள் என்று நினைத்தான் போலிருக்கிறது. திரும்பித் திரும்பிப் பார்த்தான். புரிந்தபோது அவன் ஓட்டம் குறைந்தது. வெறும் கோல் வாசலில் பந்தை வெளியே அடித்தான். பாதி ஆட்டத்தில் கோச் அவனை வெளியே கூப்பிட்டார். தலையைக் குனிந்தபடி சுரங்கப் பாதைக்குள் போனான். அன்று உட்கார்ந்திருந்தவர்கள் அத்தனை பேரும் எழுந்து நின்று ஊளையிட்டார்கள்.

தான் மட்டும் வாயே திறக்கவில்லை, இரண்டு கையையும் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு நின்றேன் என்று வீட்டுக்கு வந்ததும் இஸ்திரிக்காரர் மனைவியிடம் சொன்னார். "ஒரு நன்றி விசுவாசம் வேணாமா, சின்னதுலேர்ந்து பார்த்த பையனாச்சே" என்றும் சொன்னார். அவள் தட்டை வைத்துவிட்டுக் குழம்பை ஊற்றினாள். மச்சான் வாசலோடு போய்விட்டான்.

டிரான்ஸ்ஃபர் கதவு மூடுகிற கடைசி நாளில் செய்தி வந்தது. இடதுகாலனை விற்றாகிவிட்டது.

"ரெண்டு" என்றார் தேய்மானம், பேப்பரை மடித்து.

"பன்னிரண்டுன்னாங்களே?"

"பன்னிரண்டுதான் கேட்டிருந்தான். ஆனா சொந்த ஜனமே வேணாம்னு கத்தறதை டிவியில உலகமே பார்த்துச்சு. பையனே என்னை அனுப்பிடுங்கன்னு போய் நின்னிருக்கான். அப்புறம் எந்த மடையன் பன்னிரண்டு குடுப்பான்? ரெண்டு."

"அதுவும் ஓடின பஸ்" என்றார் டிரைவர். யாரும் சிரிக்கவில்லை.

"ஆனா ஒண்ணு" என்றார் சலூன்காரர். "அண்ணே சொன்னது அப்படியே பலிச்சுது. மூணாவது தடவை." அவர் நடு நாற்காலியைத் துடைத்துவிட்டு இஸ்திரிக்காரரை அதில் உட்காரச் சொன்னார். அந்த நாற்காலி வாடிக்கையாளருக்கு மட்டும்தான் என்பது அங்கே சட்டம். இஸ்திரிக்காரர் உட்கார்ந்தார்.

அதற்கப்புறம் கொஞ்ச நாளில், ஹோட்டலிலிருந்து அழுக்குத் துணி ஏற்றிவரும் ஆள் ஒரு பாலிதீன் பையைக் கொண்டுவந்து இஸ்திரி மேஜையில் போட்டான். முகமெல்லாம் சிரிப்பு.

"அண்ணே, உங்களால ஹோட்டல்ல ரகளை. ஒருத்தர் ராத்திரி மெத்தைக்குள்ள யாரோ இருக்காங்கன்னு கீழ வரைக்கும் ஓடி வந்துட்டாராம். உறையைக் கழட்டினா மூலையில இது சுருண்டு கெடந்துச்சு."

நீல ஜெர்சி. ஈரம் காய்ந்து, முறுக்கிப் பிழிந்த மாதிரி கிடந்தது. அவர் விரித்துப் பார்க்கவில்லை. தேவைப்படவில்லை. டிரம் சுற்றும்போது மெத்தை உறை வாயைத் திறந்து சின்னத் துணிகளை விழுங்கிவிடும் என்பது லாண்டரியில் முதல் நாள் வேலைக்கு வருகிறவனுக்குச் சொல்லிக்கொடுக்கிற பாடம். அவரே எத்தனையோ பேருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். ஒவ்வொரு உறையையும் மூலைவரை கையை விட்டு உதறிப் பார்க்காமல் தேய்க்கும் ரோலரில் ஏற்றக் கூடாது. அன்றைக்கு அவசரம்.

"என்ன அண்ணே, உங்க ஆளோடதா?" என்று அவன் கேட்டான்.

"ஆமா."

"அவன்தான் போயிட்டானே. நீங்களே வச்சுக்குங்க."

சலூனில் அதற்குப் பிறகு அவருக்கு இருந்த மரியாதையைப் போல எந்த மனிதனுக்கும் ஒரு தண்டனை இருந்திருக்காது. கிளப் தோற்றது. மறு வாரமும் தோற்றது. அதற்கடுத்த வாரம் தோற்கவில்லை; மழை பெய்து ஆட்டம் நின்றுபோனது. தோற்கத் தோற்க ஜனங்கள் அவரிடம் வந்து அடுத்தது யார் போகிறான், கோச் போகிறாரா என்று கேட்டார்கள். "ஏழாம் நம்பர் வந்துச்சா அண்ணே?" என்று முன்பின் தெரியாதவர்கள் நடுரோட்டில் நிறுத்திக் கேட்டார்கள். "எல்லாம் வந்துச்சு" என்பார். "மறைக்கறார்" என்று அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டு போவார்கள். ஒருநாள் அவர் வாயைத் திறந்து, "அன்னிக்கு ஜெர்சி வந்திருந்துச்சு, நான்தான் சரியாப் பார்க்கலை" என்று சலூனில் சொல்லியும் பார்த்தார்.

"பெரிய மனசு" என்றார் சலூன்காரர். "போனவனைக்கூட விட்டுக்குடுக்க மாட்டார்."

"எனக்குக் கோபம் வரக் கூடாதுன்னு சொல்றார்" என்றார் டிரைவர். "அண்ணே, விடுங்க. அவன் போகணும்னு இருந்தவன்தான்."

தேய்மானம் மட்டும் அவரை உற்றுப் பார்த்தார். ஆனால் அவரும் அந்தச் சனிக்கிழமை தொண்டை கட்டும்வரை ஊளையிட்டவர். அவர் பேப்பரை விரித்துக்கொண்டார்.

அத்தோடு இஸ்திரிக்காரர் சலூனுக்குப் போவதை நிறுத்தினார். மீசையை வீட்டிலேயே வெட்டிக்கொண்டு ஒரு பக்கம் மேலும் ஒரு பக்கம் கீழுமாகத் திரிந்தார். கிளப் கீழ் டிவிஷனுக்கு இறங்கியது கணக்குப்படி உறுதியான நாளில் தெருவில் யாரும் கத்தக்கூட இல்லை. கடைகள் திறந்திருந்தன. ஜனங்கள் காய்கறி வாங்கினார்கள். ஜன்னல்களில் கட்டியிருந்த நீலக் கொடிகளை யாரும் அவிழ்க்கவில்லை. வெயிலில் வெளுத்துப்போக விட்டுவிட்டார்கள். கிளப் செலவைக் குறைத்தது. நீலப் பை லாண்டரிக்கு வருவது நின்றது. ஆட்டக்காரர்கள் அவரவர் வீட்டிலேயே துவைத்துக்கொள்ளும்படி உத்தரவாம்.

ஒருநாள் மனைவி அலமாரியைத் துடைக்கும்போது அவருடைய கல்யாணச் சட்டைக்குக் கீழே ஜெர்சியைக் கண்டெடுத்தாள். தேய்த்து, நான்காக மடித்து, எண் கசங்காமல் நடுவில் மெல்லிய துணி வைத்திருந்தது. எடுத்து மேஜையில் வைத்தாள். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் அப்படியே நிறுத்தினார். டிரம், உறை, அவசரம் எல்லாவற்றையும் சொன்னார்.

அவள் கேட்டு முடித்துவிட்டு, "யாருதோ அவங்க வீட்டுல குடுத்துடுங்க" என்றாள். "இதை இங்க வச்சுக்கிட்டு எனக்குச் சோறு இறங்காது."

"போய் என்னன்னு சொல்ல?"

"வாயில வர்றதைச் சொல்லுங்க. அதுக்குத்தான் உங்களுக்குப் பழக்கம் இருக்கே."

மச்சான் பைக்கில் ஏற்றிக்கொண்டு போனான். நடந்தே போகிற தூரம்தான். ஆனால் தனியாகப் போனால் பாதியில் திரும்பிவிடுவார் என்று அவள் தம்பியைக் கூட அனுப்பியிருந்தாள். சாயங்கால வெளிச்சம். இரும்புக்கடையின் பக்கவாட்டு மாடிப்படி குறுகலாக ஏறியது. மேலே ஒரே அறை. தையல் மெஷின், பள்ளிக்கூடச் சீருடைக்கு வெட்டிப் போட்ட காலர்கள், சுவரோரம் சுருட்டி வைத்த ஒரு மெத்தை. டிவி துணி போட்டு மூடியிருந்தது. இடதுகாலனின் அம்மா மெஷினிலிருந்து எழுந்து, இருந்த ஒரே நாற்காலியில் கிடந்த துணிகளை வாரி எடுத்துவிட்டு அவரை உட்காரச் சொன்னாள். மச்சான் வாசற்படியில் ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

"லாண்டரி அண்ணன்தானே" என்றாள். "அவன் உங்களைப் பத்தி நிறையச் சொல்லுவான். ஜன்னல் மாமாம்பான்."

இஸ்திரிக்காரர் பையை நீட்டினார். அவள் ஜெர்சியை வெளியே எடுத்து, தையல்காரிகள் பார்க்கிற மாதிரி முதலில் மடிப்பைத் தடவிப் பார்த்தாள். பிறகுதான் எண்ணைப் பார்த்தாள்.

"இது எப்படி உங்ககிட்ட?"

"லாண்டரியிலேயே தங்கிப்போச்சும்மா. ஒரு உறைக்குள்ள போயிடுச்சு. அப்ப கவனிக்கலை."

"அவ்வளவுதானே. அதுக்கா இவ்வளவு தூரம் வந்தீங்க." அவள் அதை மெஷின் மேல் வைத்தாள். அந்தத் துணியால் என்ன நடந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை. சொல்ல வேண்டும் என்று அவர் வாயைத் திறந்தார்.

"பையன் எப்படி இருக்கான்?" என்று கேட்டார்.

"பெஞ்சுல இருக்கான். அங்க ஆட விடறதில்லை. ரெண்டு பஸ்ஸுக்கு வந்தவன்னு அங்கயும் கேலியாம், இந்த பஸ் கணக்கை அவங்களும் பேப்பர்ல படிச்சிருக்காங்க." அவள் ஒரு காலரை எடுத்து நூலைப் பிரிக்கத் தொடங்கினாள். "ரெண்டு தடவை முடியாதுன்னுதான் சொன்னான், அண்ணே. பெரிய கிளப்காரங்க இந்தப் படியேறி வந்தாங்க. எங்க அம்மாவை விட்டு வரமாட்டேன், இங்கதான் ஆடுவேன்னு திருப்பி அனுப்பிட்டான். நான்கூடத் திட்டினேன். அப்புறம் அந்தச் சனிக்கிழமை வந்து, பூட்ஸைக்கூடக் கழட்டாம இதோ இங்க உட்கார்ந்திருந்தான். சோறு வேணாம்னான். நான் என்னம்மா பண்ணினேன், நான் என்ன பண்ணினேன்னு அதையே கேட்டான். எனக்கு என்ன தெரியும். மறுநாள் அவனே போய் அனுப்பிடுங்கன்னு சொல்லிட்டான்."

மெஷினுக்கு மேலிருந்த பல்பைச் சுற்றி ஒரு பூச்சி பறந்தது. மச்சான் ஹெல்மெட்டின் பட்டையை மாட்டினான், கழற்றினான்.

"முன்பின் தெரியாத ஜனம் கத்தினா அவனுக்கு ஒண்ணும் இல்லை" என்றாள் அவள். "ஆட்டம்னா அதெல்லாம் உண்டுதான். ஆனா தெரிஞ்ச முகமெல்லாம் இருந்துச்சும்மான்னான். யாருடான்னு கேட்டேன், சொல்லலை. இன்னிவரைக்கும் சொல்லலை. ஊருக்கு வரச் சொன்னா வரமாட்டேங்கறான். நீங்க அன்னிக்கு ஆட்டத்துக்குப் போயிருந்தீங்களா அண்ணே?"

"போயிருந்தேம்மா."

அவள் நூலைப் பிரிப்பதை நிறுத்தி அவரைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் குற்றம் எதுவும் இல்லை. யாராவது ஒருத்தர், ஒரே ஒருத்தர், இல்லை என்று சொல்லக்கூடாதா என்பது மாதிரி இருந்தது.

"ஆனா நான் வாயைத் திறக்கலை" என்றார் இஸ்திரிக்காரர். "எல்லாரும் கத்தினாங்க. நான் கையைப் பாக்கெட்டுல விட்டுக்கிட்டு சும்மாதான் நின்னேன். அவனை எனக்குச் சின்னதுலேர்ந்து தெரியும். நான் எப்படிம்மா கத்துவேன்."

அவள் மெல்லத் தலையை ஆட்டினாள். "அவன்கிட்டச் சொல்றேன்" என்றாள். "ஜன்னல் மாமா கத்தலையாம்னு சொல்றேன். சந்தோஷப்படுவான்."

"இல்லக்கா" என்றான் மச்சான், வாசற்படியிலிருந்து.

இரண்டு பேரும் திரும்பினார்கள். அவன் அவர்களைப் பார்க்காமல் ஹெல்மெட்டைப் பார்த்தபடியே பேசினான்.

"முதல்ல அப்படித்தான் நின்னீங்க, மாமா. அப்புறம் அவன் கார்னர் அடிக்க நம்ம பக்கமா வந்தான். அப்ப ரெண்டு கையையும் எடுத்து வாயில குவிச்சுக்கிட்டு ஊளை விட்டீங்க. நம்ம கேலரியில அதான் பெரிய சத்தம். அவன் பந்தை வச்சுட்டு நிமிர்ந்து உங்களைத்தான் பார்த்தான்."